தேக்காவில் தொடங்கவில்லை நம் கதை

தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வரும் சுற்றுலா நிறுவனங்கள் பலவும், அவற்றுக்கு இங்கே வழிகாட்டும் நம்மவர் சிலரும் ஒரு பொய்யைக் கூசாமல் சொல்லி வருகிறார்கள். தேக்காவின் சிராங்கூன் சாலையில் பேருந்தை நிறுத்தி, தமிழர் முதன்முதலில் வந்து குடியேறிய இடம் இதுதான் என்கிறார்கள். அப்புறம் முஸ்தபா கடையில் சாமான், மறுநாள் செந்தோசா. தீர்ந்தது சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு! இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கப்பலில் வந்தவர்கள் கரையோரத்தில்தானே காலூன்றியிருப்பார்கள்? 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் ‘இந்தியானா’ கப்பலில் வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை போட்டது தஞ்சோங் பகாரில். அவர் முன்னின்று 1827இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில். அதே சாலையில் அதற்கு முந்தைய ஆண்டே தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவிவிட்டார்கள். நகரத்தார் பெட்டியடி போட்டு லேவாதேவி நடத்திய கிட்டங்கிகள் மார்க்கெட் ஸ்திரீட்டில். தேக்கா தழைத்தது பிறகு, மாட்டுத் தொழில் பெருகியபோது.

தெலுக் ஆயர் வீதியில் இன்று நின்றால் கடல் தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தூர்த்துவிட்டார்கள். அதற்கு முன் அலை அந்தத் தெருவோரம்தான் அடித்தது. 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் நம் மரைக்காயர்களும் பிற சூலியாக்களும் ஒரு தர்காவைக் கட்டினார்கள். அடக்கத்தலம் நாகூரில் இருக்க, இங்கே நினைவு மட்டும். கீழே ஐரோப்பியப் பாணித் தூண்கள். மேலே பொம்மை மாளிகை போலச் சின்னஞ்சிறு சன்னல்கள். மூலைகளில் அடுக்கடுக்காக ஏறும் மினாராக்கள். சற்றுத் தள்ளி, குச்சுப் பள்ளி என்று பெயர் வாங்கிய அல் அப்ரார். 1827இல் கீற்றுக் குடிசையாக எழுந்தது. இரண்டுக்கும் நடுவே சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில். எல்லாம் ஒரே தெருவில். நாகூர்க்காரரையே அழைத்து வந்துவிட்டு இதைக் காட்டாமல் திருப்பி அனுப்புகிறவர்களை என்னவென்று சொல்வது?

நேரமில்லை என்ற சாக்கு செல்லாது. லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதை ரயில் ஏறினால் ஆறாவது நிலையம் தெலுக் ஆயர். மாறி ஏறக்கூட வேண்டாம். தரகு கிடைக்கும் கடை அந்தத் தெருவில் இல்லை என்பதே உண்மைக் காரணம் என்று சந்தேகிக்கிறோம்.

ஊரிலிருந்து வரும் உறவினரைத் தேக்காவோடு திருப்பிக் கூட்டி வரும் உள்ளூர்க் குடும்பங்களும் இந்தக் குற்றத்தில் பங்காளிகளே.

தஞ்சோங் பகார் பக்கத்து நகரச் சரக்குமுனையங்களை 2027க்குள் துவாசுக்கு இடம்மாற்றுவது திட்டம். அங்குள்ள பாரந்தூக்கிகளும் போய்விட்டால், தெலுக் ஆயர்ப் பக்கம் துறைமுக வட்டாரம் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி குறைந்துவிடும். ஆகவே நிறுவனங்கள் தங்கள் துண்டறிக்கைகளையும் வழிகாட்டிகளின் உரையையும் உடனே திருத்த வேண்டும். பயணத் திட்டத்தில் தெலுக் ஆயருக்கு அரைநாள் ஒதுக்க வேண்டும். தமிழகப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் கூட்டம் வந்திறங்குமுன் இது நடந்தாக வேண்டும்.