தானே கற்றோர் தமிழ்வழி கற்றோர் அல்லரோ?



கோவில்பட்டிக் கரிசல், வானம் பார்த்த நிலம். மழை பொய்த்துப் பருத்தியும் கம்பும் கைவிட்ட ஆண்டுகளில் அம்மக்களின் அடுப்பை எரியவைத்தது தீப்பெட்டித் தொழில். ஆனால், அது கேட்ட விலை சிறிதன்று. ஏடேந்த வேண்டிய இளங்கைகள் கட்டை அடுக்கின; பெட்டி ஒட்டின; குச்சி அடைத்தன. எண்ணிக்கைக்கே கூலி ஆகலின், வீட்டில் ஒரு கை கூடக் கூலி கூடிற்று; பள்ளியில் ஒரு பெயர் குறைந்தது.

தீப்பெட்டித் தொழிலில் சிறாரை அமர்த்தலாகாது என 1986-இல் சட்டம் வந்தது. மீறுவோர் ஒவ்வொரு சிறார்க்கும் உருபா 20,000 செலுத்த வேண்டுமெனச் சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. பின்வந்த பிள்ளைகள் பள்ளிக்கு மீண்டனர், நன்று. முன்னே இழந்தோர்க்கு என் செய்தனர்? அன்று பத்து அகவையினர் இன்று நாற்பதையும் ஐம்பதையும் எட்டிய உழைப்பாளர். 1990-களில் அறிவொளி இயக்கம் எழுத்தைக் காட்டிற்று; எழுத்திற்கு அப்பால் ஏணி வைப்பார் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படித் தமிழகப் பெண்டிருள் எழுத்தறிந்தோர் 73.44 விழுக்காட்டினரே. நால்வருள் ஒருவர்க்கு மேல் அன்றும் இருளில்!

இந்நிலையிலும், பகலெல்லாம் உழைத்து இரவில் நூலெடுப்போர் உளர். எட்டாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் மேனிலைத் தேர்வையும் தனித்தேர்வராய் எழுதி ஏறுவோர் அவர். அவர்க்கு ஆசானும் தமிழ், துணையும் தமிழ், எழுதிய விடையும் தமிழ்.

அவர்களை அரசு எதிர்கொண்ட முறையைக் கேண்மின்! பள்ளிப் படிகளை ஏறாது திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது என்றது 2009-ஆம் ஆண்டின் அரசாணை. பத்தையும் பன்னிரண்டையும் முடித்து வா என்பது அதன் பொருள். சரி, முடித்தே வந்தனர். அரசுப் பணியில் தமிழ்வழி கற்றோர்க்கு நூற்றுக்கு இருபது இடம் தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என நம்பினர். 2020-இல் அது திருத்தப்பட்டது; முதல் வகுப்பினின்றே தமிழ்வழி கற்றிருத்தல் வேண்டும் என்றாயிற்று. தனித்தேர்வராய்த் தேறியதைத் தமிழ்வழிக் கல்வியாகக் கொள்ளலாகாது எனத் தேர்வாணைய அறிவிக்கைகள் கூறிவந்துள்ளன. படியேறாது வந்தால் பட்டம் செல்லாது; தானே படியேறி வந்தால் தமிழ் செல்லாது! இஃது எவ்வகை முறை?

பொய்ச்சான்று காட்டி இடம் கவர்வோரைத் தடுக்கவே இந்நெறி என்பர். ஆங்கிலவழி பயின்று தமிழ்வழியெனப் புனைவோரைத் தடுத்தல் வேண்டுவதே, அதில் ஐயமில்லை. ஆனால், தனித்தேர்வை நடத்துவது யார்? அரசுத் தேர்வுத்துறையன்றோ! வினாத்தாள் தந்ததும் அதுவே. விடைத்தாள் திருத்தியதும் அதுவே. எம்மொழியில் எழுதினார் என்பதற்கு அதனினும் பெரிய சான்று யாது? பள்ளி தரும் தாளை நம்பும் அரசு, தன் கையால் திருத்திய தாளை நம்ப மறுப்பதேன்? கள்வனைப் பிடிக்க இயலாமையால் உழவனின் களஞ்சியத்தைப் பூட்டுவது காவலாகுமோ?

உண்மைக் கரணியம் வேறு. கல்வி என்றால் சீருடையும் வருகைப் பதிவும் என எண்ணிப் பழகிய அலுவல் உள்ளம், உழைப்பாளியின் இரவுக் கல்வியைக் கல்வியாகவே மதிப்பதில்லை. தமிழைக் காப்பதாக முழங்கும் மேடைகள், தமிழை மட்டுமே கைக்கொண்டு கரையேறியவரைக் காவாது விடுகின்றன.

வேண்டுவன மூன்று. தமிழில் எழுதித் தேறிய தனித்தேர்வர் தமிழ்வழி கற்றோராகவே ஏற்கப்படல் வேண்டும். அகவை முதிர்ந்த உழைப்பாளர்க்குத் திறந்தநிலைக் கல்வி மெய்யாகவே திறந்திருத்தல் வேண்டும். கோவில்பட்டி போன்ற தொழில்நகர் தோறும் மாலைக் கல்லூரி, தமிழ்வழியில், அரசுச் செலவில் அமைதல் வேண்டும்.

இவை இரவலல்ல, இளமையில் பறிக்கப்பட்டதன் மீட்பு. உழைப்பாளியின் தமிழைத் தள்ளிவிட்டுத் தமிழை வாழவைக்க எவராலும் இயலாது. எழுமின் தமிழ்மக்காள்! ஊர்தோறும் இதனை எடுத்துரைமின்! அரசு செவிசாய்க்கும்வரை ஓயாதீர்!