எந்த அறிக்கையை நம்புவது?

சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. அதற்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளி துறைமுகத்தின் சரக்குக் கையாளும் திறனை ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன்னிலிருந்து 32 கோடி டன்னாக உயர்த்த அதானி குழுமம் திட்டமிட்டது. இது தொடர்பாக 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

கரை அரிக்கப்படுமா, முகத்துவாரம் தூர்ந்துபோகுமா என்பவையே மீனவர்களின் கேள்விகள். அவற்றுக்கு விடை கூறும் ஆவணங்கள் அனைத்தும் ஒரே தகுதியுடையவை அல்ல. துறைமுகத் தொழில் இதழ்கள் அத்துறையினருக்காக எழுதப்படுபவை; சரக்கு அளவும் முதலீடுமே அவற்றின் அக்கறை. நாளேடுகள் இரு தரப்பு வாதங்களையும் தெரிவிக்கும். கடல் நீரோட்டத்தை அளப்பது அவற்றின் பணியன்று. ஆய்விதழ்க் கட்டுரைகளோ, ஆசிரியரோடு தொடர்பில்லாத வல்லுநர்கள் பரிசோதித்த பின்னரே வெளியாகின்றன.

குழப்பம் எழுவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில்தான். அட்டவணை, வரைபடம், மேற்கோள் என ஆய்வேட்டின் தோற்றம் அனைத்தும் அதற்கு உண்டு. ஆனால், திட்டத்தை முன்மொழியும் நிறுவனத்தின் செலவில் ஆலோசனை நிறுவனம் தயாரிப்பது அது. அரசின் நிபுணர் குழு அதைப் பரிசீலிப்பது அனுமதி குறித்துப் பரிந்துரைப்பதற்காகவே. அதனாலேயே அந்த அறிக்கை பொய்யென்றாகிவிடாது; ஆய்விதழில் வெளியானதாலேயே ஒரு கட்டுரை முற்றிலும் மெய்யென்றும் ஆகிவிடாது. செலவை ஏற்றவர் யார், சரிபார்த்தவர் யார், தரவு திரட்டப்பட்டது எப்போது என்ற மூன்று கேள்விகளையும் எந்த ஆவணத்திடமும் எழுப்ப வேண்டும்.

பழவேற்காட்டைப் பொருத்தவரை மூன்றாவது கேள்வி மிக முக்கியமானது. வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்று நீர் பெருகி ஏரியின் உவர்ப்பு குறைகிறது, கோடையில் உயர்கிறது. முகத்துவாரமும் மணல் சேர்ந்து குறுகுவதுண்டு. ஒரு பருவத்தின் அளவீட்டைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் முடிவுகூற இயலாது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்தில் தலைமுறைகளாக வாழ்பவர்கள் இதை நன்கறிவர்.

ஆயினும், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கை உள்ளூர் மொழியில் கோருவது அறிக்கையின் சுருக்கத்தை மட்டுமே. படிக்க இயலாத ஆவணத்தை எடைபோடுவது எவ்வாறு? கூட்டம் மீண்டும் அறிவிக்கப்படுமானால், முழு அறிக்கையும் மூலத் தரவுகளும் தமிழில் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். தொடர்பற்ற அறிஞர்களின் மதிப்புரையும் இணைக்கப்பட வேண்டும். அப்போதுதான் கருத்துக்கேட்பு வெறும் சடங்காகாது.