வந்தியின் கூலியும் இன்ப வாணிகமும்

மதுரைமா நகரின் மேற்றிசையில், வையையின் தென்கரையை அடுத்துள்ளது ஆரப்பாளையம். தேனி, திண்டுக்கல், கோயம்புத்தூர் முதலிய ஊர்கட்குச் செல்லும் பேருந்துகளின் இரைச்சலே இன்று அப்பகுதிக்கு அடையாளமாயினும், ஆண்டுதோறும் ஆவணி மூல நாளன்று ஆங்கு வேறோர் ஒலி எழாநிற்கும். அன்று ஆலவாய் அண்ணல் அங்கயற்கண் அம்மையோடு திருக்கோயிலினின்றும் புறப்பட்டுப் புட்டுத்தோப்பு மண்டபத்திற்கு எழுந்தருளுகின்றார். திருப்பரங்குன்றத்து முருகப்பெருமானும், திருவாதவூரினின்று மணிவாசகப் பெருமானும் அவ்விழாவிற்கு வருவர். மண்வெட்டியும் கூடையும் கொண்டு இறைவன் மண் சுமந்த திருவிளையாடல் நிகழ்த்திக் காட்டப்பெறும். அடியார்கள் பிட்டு உண்டு மகிழ்வர்.

அங்ஙனம் கூடுவோர் உள்ளத்தே பல காலமாக ஒரு வினா கிடக்கின்றது. கடவுளை நம்பினார்க்கு நிலைத்த இன்பம் உண்டோ என்பதே அது. அதற்கு மூவர் மூவகையாக விடை கூறக் கேட்கின்றோர் பலர். ஒரு சாரார், 'உண்டு. இன்ன கிழமையில் இத்தனை விளக்கிட்டால் மணம் கூடும், இத்தனை முறை வலம்வந்தால் வழக்கு வெல்லும், கடன் தீரும்' எனக் கடைக்காரன் விலைப்பட்டி எழுதுமாறு போல எழுதி வைப்பர். மற்றொரு சாரார், 'இல்லை. விளக்கிட்டவனும் நோயுறுகின்றான், விளக்கிடாதவனும் செல்வனாய் வாழ்கின்றான். ஆகலின் நம்பிக்கை வீண்' என்பர். மூன்றாஞ் சாரார் நாகரிகம் உடையவர். 'கடவுள் உண்டோ இல்லையோ அது கிடக்க. நம்புதலால் மனத்திற்கோர் ஆறுதல் பிறக்கின்றது, அதுவே இன்பம், அதுவே போதும்' என்பது அவர் கொள்கை. இம்மூவரும் தம்முள் ஓயாது வழக்கிடுவரேனும், நிற்கும் நிலம் ஒன்றே. நம்பிக்கை விலை, இன்பம் சரக்கு என்பது மூவர்க்கும் உடன்பாடு. சரக்கு வந்தது என்பான் ஒருவன், வரவில்லை என்பான் ஒருவன், வெறும் பெட்டியே போதும் என்பான் ஒருவன். அந்நிலத்தையே அடியோடு அகழ்ந்தெறிவது புட்டுத்தோப்பில் ஆண்டுதோறும் நடித்துக் காட்டப்பெறும் வரலாறு. அதன் முன்னின்றே இவ்வாணிகம் பேசப்படுவது வியப்பினும் வியப்பு.

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்தின் செய்தி யாவரும் கேட்டதே எனினும், அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக நின்று நோக்குவார் சிலர். அரிமர்த்தன பாண்டியன், குதிரை வாங்கக் கொடுத்த பொருள் காரணமாகத் தன் அமைச்சராகிய வாதவூரடிகளை வையைச் சுடுமணலில் நிறுத்தி ஒறுக்க, வையை பெருகிற்று. உடைந்த கரையை அடைக்க ஊரார்க்குப் பங்கு அளக்கப்பட்டது. பிட்டு விற்று உயிர் வாழும் வந்தி என்னும் முதியவள், மகவும் சுற்றமும் அற்றவள், தன் பங்கிற்கு ஆளின்றி வருந்தினாள். கந்தை உடுத்துக் கூடையைத் தலைமேற் கவிழ்த்த கூலியாள் ஒருவன் வந்தான். பிட்டே கூலி எனப் பேசி முடிந்தது. உதிர்ந்த பிட்டு மட்டுமே தனக்குக் கூலி என்று அவன் சொன்னான் என்பதும், அன்று அவித்தது முழுதும் உதிர்ந்தே போயிற்று என்பதும் மதுரை மக்கள் வழங்கும் கதை. அவன் உண்டான், ஆடினான், பாடினான், கூடையைத் தலைக்கணையாக வைத்து உறங்கினான். ஏனையோர் பங்கெல்லாம் அடைபட, வந்தியின் பங்கு மட்டும் வாய் பிளந்து கிடந்தது. அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அடித்தவன் முதுகிலும் பட்டது. அரசியர்மேலும் அமைச்சர்மேலும் வானோர்மேலும் மற்றெல்லா உயிர்கள்மேலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கூலியாள் மறைந்தான். வந்தி சிவலோகம் புகுந்தாள்.

இதன்கண் கூலி கொடுத்தவர் யார்? வாங்கியவர் யார்? விலைப்பட்டி எழுதுவோர் கணக்கின்படி, கூலியாள் அடியவன், கூலி கொடுக்கும் முதலாளி ஆண்டவன், வழிபாடு வேலை, இன்பம் கூலி. புட்டுத்தோப்பில் நிகழ்ந்ததோ முற்றும் தலைகீழ். வேலைக்கு வந்தவர் ஆண்டவர். கூலி அளந்தவள் கிழவி. அதுவுமன்றி, கூலி முன்னரே உண்ணப்பட்டது, வேலையோ செய்யப்படவில்லை. வாணிகக் கண் கொண்டு பார்ப்பின் அன்று மதுரையில் வந்தியைப்போல் ஏமாந்தார் பிறர் இலர். அவள் தன் ஆளைத் துரத்தவுமில்லை, கொடுத்த பிட்டைத் திருப்பிக் கேட்கவுமில்லை. நாள்தோறும் அவித்த பிட்டில் முதற்பிட்டை ஆலவாய் அண்ணலுக்கு ஆக்கி விட்டே பிறர்க்கு விற்று வந்தவட்குக் கொடுத்தல் பழகிய செயல்; பெறுதல் அவள் நினைவிற்கே வாராதது. இத்தகையாளின் இன்பம் கரை அடைபட்ட பின்னர்த் தொடங்கிற்று என்று கொள்ளுதல் பிழை. பிட்டு அவித்துப் படைத்த நாள்களிலேயே அது தொடங்கிவிட்டது. விமானம் வந்தது பின்னர்.

'அவளும் ஆளில்லையே என்று இறைவனிடம் முறையிட்டாள் அன்றோ? அதுவும் வேண்டுதல் தானே?' எனின், ஆம், முறையிட்டாள். இடர் வந்துழி உரியவரை நோக்கி அழுதல் வேறு. இதைச் செய்தேன், அதைத் தா எனப் பேரம் பேசுதல் வேறு. பசித்த குழவி தாயை நோக்கி அழுவது கடன் கேட்டல் ஆகாது. வேண்டுதல்களை எல்லாம் இழிவெனத் தள்ளுதல் சைவநெறியன்று. வேண்டுதலை முறிச்சீட்டாக்கி அதன் நாள் கடந்தவுடன் கடவுளை வழக்கு மன்றத்தில் நிறுத்துதலே ஈண்டு மறுக்கப்படுவது.

விலைப்பட்டியாளர் தம் கொள்கைக்குச் சான்று தேடித் திருத்தொண்டர் வரலாற்றுள் புகுவராயின் அவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. திருநாவுக்கரசர் சூலை நோய் நீங்கப் பெற்றார் என்பதை அவர் உரக்கக் கூறுவர். சூலை நீங்கியபின் அப்பெருமானுக்கு வந்தவை எவை? நீற்றறை, நஞ்சு கலந்த உணவு, மதயானை, கல்லிற் பிணித்துக் கடலில் இடப்படுதல். உடல் இன்பமே சமயத்தின் பயன் எனின், அவர் பிணியோடு இருந்த காலமே நன்றென்று கூற நேரும். தம்பிரான் தோழரோ திருவொற்றியூரிற் கண்ணிழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொன்றும் பெறுங்காறும் வழியெல்லாம் தடவி நடந்தார். வாதவூரடிகளை வையை மணல் சுட்டது. இவர் எவர்க்கும் நம்பிக்கை துன்பத்திற்குக் காப்பு முறியாக இருந்ததில்லை. குயவன் கோலை எடுத்த பின்னும் திகிரி சுழலுமாறு போல, நுகர்வினை உடல் உள்ளளவும் ஊட்டியே கழியும் என்பது சித்தாந்தத் துணிபு. இதனை மறைத்து, 'வழிபட்டால் துன்பமே வாராது' என்று போதிப்போர், துன்பம் வந்த அன்றே தம் மாணாக்கரை நாத்திகராக்கி அனுப்புகின்றனர். நாட்டில் கடவுள் மறுப்பு வளர்ந்ததற்கு அம்மறுப்பாளரின் சொல்வன்மையினும் இவர்களின் விலைப்பட்டியே பெரிதும் துணைசெய்தது.

இனி இரண்டாஞ் சாரார். இவர் வினா நேர்மையுடையது. விடை மட்டுமே அவசரமானது. நம்பினவனும் நம்பாதவனும் ஒருபடித்தாகவே நோயுறுகின்றனர் என்பது கண்கூடு. அதனைச் சித்தாந்திகள் மறுப்பதில்லை. ஆனால் அதனின்று, 'ஆதலால் உலக நுகர்வே இன்பம்' என்று தாவுதல் உலகாயதம். அருணந்தி சிவனார் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பதினான்கு மதங்களை மறுக்கப் புகுந்தவிடத்து அதனையே முதற்கண் எடுத்துக்கொண்டார். இக்காலத்தார் அதற்குப் புள்ளிவிவரப் போர்வை போர்த்தியுள்ளனர். 2012 ஆம் ஆண்டு முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை என ஒன்று வெளிவருகின்றது. பூச்சியம் முதல் பத்து வரை படிகளையுடைய ஓர் ஏணியை மனத்தே நிறுத்தி, தம் வாழ்வு எப்படியில் நிற்கின்றது என மக்களைச் சொல்லச் செய்து, நாடுகளை அது வரிசைப்படுத்தும். பின்லாந்து 2018 முதல் 2025 வரை எட்டு ஆண்டும் தொடர்ந்து முதலிடம் பெற்றது. நல்லாட்சியும் உடல்நலமும் ஒருவர்க்கொருவர் உதவுதலும் உள்ள நாட்டில் மக்கள் தம் வாழ்வை நன்றென்று கூறுதல் இயல்பே. அதனைப் பழித்தற்கு ஏதுமில்லை. அவ்வேணி அளப்பது இன்றைய நிலையை. ஏணியிலேறி நின்றவன் நாளை இறங்கான் என்பதற்கு அவ்வறிக்கை பிணை நில்லாது. நின்றால் ஆண்டுதோறும் அதனை எழுத வேண்டுவதும் இல்லை.

உயிர் சார்ந்ததன் வண்ணமாய் நிற்பது என்பது மெய்கண்டார் மரபிற் பெறப்படும் உண்மை. பளிங்கு அடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல உயிர் தான் பற்றியதன் இயல்பை எய்தும். மாறும் பொருளைப் பற்றியவழி அதன் இன்பமும் மாறும்; மாறாப் பொருளைப் பற்றியவழியே மாறா இன்பம் கூடும். உலகப் பொருள் தீயது என்பது இதன் கருத்தன்று. பிட்டு நல்லதே, ஆனால் நேற்றுண்ட பிட்டு இன்றைய பசியைத் தீர்ப்பதில்லை. ஆகவே இரண்டாஞ் சாரார் கேட்க வேண்டிய வினா, 'நம்பினவன் மிகுதியாக மகிழ்கின்றானா?' என்பதன்று. 'எதனைப் பற்றி நிற்கின்றான்? பற்றப்பட்டது நிற்பதா, பெயர்வதா?' என்பதே.

மூன்றாஞ் சாராரை மறுத்தலே அரிது. அவர் பகைவராக வாராமல் நண்பராக வருகின்றார். அமெரிக்க நாட்டு வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1902 இல் வெளியிட்ட நூலில், சமய அனுபவத்தை அதன் வேரால் அளவாது கனியால் அளத்தல் வேண்டும் என்று வாதித்தனர். அவர் ஆராய்ச்சி பெரிது; அவர் வழிவந்தோம் என்போர் செய்யும் சுருக்கமே கேடு. கனி இனிக்குமாயின் மரம் உண்டோ என்று பாரற்க என்கின்றனர் இவர். மரம் இல்லாத கனி எத்துணை நாள் இனிக்கும்? நெடுந்தொலைவு சென்ற தந்தை திரும்பி வருகின்றான் என்று பொய் சொல்லி அழும் பிள்ளையை ஆற்றலாம். அவ்வாறுதல் வாயிற்கதவு திறக்கும் வரையில் தான். பிள்ளை வேண்டுவது ஆறுதலை அன்று, தந்தையை.

இன்று மன அமைதி கற்பிக்கும் கூடங்கள் எங்கும் தோன்றுகின்றன. மூச்சை எண்ணுக, நினைவை விடுக, வலி தோன்றாது என்பர். வலி குறைதல் நன்றே. ஆயின் வலி தோன்றாமையே வீடு என்னும் கொள்கை புதிதன்று. முத்தியில் உயிர் கல்லே போல் இன்ப துன்பம் இரண்டும் அற்றுக் கிடக்கும் என்று கூறிய பாடாணவாதியை உமாபதி சிவனார் சங்கற்ப நிராகரணத்தில் மறுத்துள்ளார். அந்நூல் தோன்றியது 1313 இல். எழுநூறு ஆண்டுகட்கு முன் மறுக்கப்பட்ட சரக்கு இன்று புதிய உறையிற் கட்டணத்தோடு விற்கப்படுகின்றது. நோயில்லாமை உணவாகாதவாறு போலத் துன்பமின்மை இன்பமாகாது.

அவ்வாசிரியரே திருவருட்பயனைப் பத்து அதிகாரங்களாக வகுத்தார். இன்பத்தைக் கூறும் இன்புறு நிலை அவற்றுள் எட்டாவது. இறைவன், உயிர், இருண்மலம், அருள், அருள் உருவாகிய குரு, அறியும் நெறி, உயிர் விளக்கம் என ஏழும் கடந்த பின்னரே அது வருகின்றது. மூன்றாஞ் சாரார் விரும்புவது எட்டாம் அதிகாரத்தை மட்டும். முதலாவதாகிய பதிமுது நிலையைக் கிழித்தெறிந்துவிட்டு எட்டாவதைப் படிக்கப் புகுவோர்க்கு அதன்கண் எழுத்துக்கள் உண்டு, பொருள் இல்லை. அவ்வின்பம் உயிரினிடத்து ஊறுவதன்று, பதியின் இயல்பாயிருப்பது. செம்பிற் களிம்பு போன்ற ஆணவத்தால் அதனை உணராதிருந்த உயிர், அருளால் அம்மறைப்பு நீங்கியவழி அதில் அழுந்துகின்றது. பதி இல்லை எனின் அழுந்துதற்கு இடமும் இல்லை. நம்பிக்கை அவ்வின்பத்தை ஆக்குவதில்லை. கண்ணைத் திறத்தல் ஞாயிற்றை ஆக்காதவாறு போல என்க.

'பேரின்பத்தை நூல்களே எடுத்தோதுதலின், அதுவும் ஆசை காட்டும் விலைப்பட்டியே' என்று கூரியர் சிலர் இறுதியாக ஒரு தடை நிகழ்த்துவர். விற்பவன் வேறு, பண்டம் வேறு, விலை வேறாக இருப்பது வாணிகம். ஈண்டுப் பெறப்படுவதும் சிவம், தருவதும் சிவம், பெறுதற்குரிய அன்பைத் தோற்றுவிப்பதும் சிவம். அரசன் ஓங்கிய பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டமை காட்டுவதும் அதுவே. கூலியாள் ஓருயிர்க்கு மட்டும் உரிய ஆள் அல்லன், உயிர்க்குயிராய் எங்கும் நிற்பவன். அவனோடு விலை பேச விழைவோன் அவனுக்குப் புறம்பாக ஓரடி நிலம் கண்டு அதில் நின்றன்றோ பேச வேண்டும்?

புட்டுத்தோப்பிலும் பிறவிடங்களிலும் இப்படலத்தை விரித்துரைக்கும் நாவலர் பலர், வந்தி பிட்டுக் கொடுத்தாள், இறைவன் கரையடைத்தான், விமானம் வந்தது என மூன்று வாக்கியத்தில் முடித்து, 'ஆதலால் நீவிரும் கொடுமின், பெறுவீர்' என்று கூட்டத்தாரை வணிகராக்கி அனுப்புகின்றனர். இடையிலுள்ளவை நழுவவிடப்படுகின்றன. கூலியாள் உறங்கியது, பங்கு அடைபடாமற் கிடந்தது, காவலர் வந்து வெகுண்டது, அடி விழுந்தது ஆகிய இவற்றை அவர்கள் நகைச்சுவைக்காக மட்டும் தொட்டுச் செல்வர். வரும் ஆவணி மூலத்தன்றேனும் அப்பகுதியை விரைவின்றி உரைப்பாராக. வெள்ளம் ஏறுகின்றது, ஏனையோர் வேலை முடித்து வீடு செல்கின்றனர், தன் ஆள் கூடைமேல் தலைவைத்து உறங்குகின்றான், கையில் ஒரு பிட்டும் இல்லை. அந்த நாழிகையில் வந்தி எங்ஙனம் இருந்தாள் என்பதைக் கேட்போர் எண்ணிப் பார்க்க இடங்கொடுத்து, அதன் பின்னர் விமானத்தை அழைப்பாராக.