ஏரிக்கும் ஒரு பேரேடு வேண்டும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் நிலையை அறிய விரும்புவோர் முதலிற் கேட்பது அதன் பேரேட்டையே. வரவு, செலவு, நிலுவை ஆகிய மூன்றையும் அது மறைக்காமற் கூறும். ஆயின், உழவரின் வயலுக்கு நீரளித்து, நெசவாளரின் கிணற்றில் ஊற்றைக் காக்கும் ஏரிக்கு நம் ஊர்களில் எந்த ஏடும் கிடையாது. அவ்வேட்டை நாமே எழுத வேண்டும் என்பதும், ஆண்டு முழுவதும் ஏரிப் பறவைகளைக் கண்டு குறிப்பதே அதற்கு எளிய தொடக்கம் என்பதும் நம் கருத்து.

‘பறவை பார்ப்பது வேலையற்றோரின் பொழுதுபோக்கு’ என்று அங்கத்தினர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு வேடந்தாங்கல் விடை கூறும். செங்கல்பட்டு மாவட்டத்து அச்சிற்றூர் மக்கள், தம் ஏரிக்கு வரும் பறவைகளைச் சுடலாகாது என்று வாதாடி, 1798-ஆம் ஆண்டிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் அங்கீகாரம் பெற்றனர்; 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரமாவதை அவ்வுழவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். சட்டம் பின்னரே வந்தது. ஊர்க் கட்டுப்பாடு முன்னரே இருந்தது. கூட்டுறவு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

காட்பாடியைச் சூழ்ந்துள்ள கழிஞ்சூர், தாராபடவேடு முதலிய ஏரிகளையும், அடுத்துள்ள குன்றுகளின் புதர்க்காடுகளையும் பருவந்தோறும் நோக்குவோர்க்குக் காட்சிகள் பல உண்டு. ஐப்பசி மழையில் நீர் ஏறியதும் கொக்கும் நீர்க்காகமும் கூடுகின்றன. மார்கழி, தை மாதங்களில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரும் உள்ளானும் வாலாட்டியும் சேற்றோரத்தில் இரை தேடுகின்றன. ஐப்பசியில் வரும் ஆறுமணிக் குருவி, காலை மாலைகளில் தவறாது கூவிப் புதர்களில் ஒதுங்கி வாழ்ந்து, சித்திரையையொட்டி வடக்கே மீள்கிறது. கோடையில் நீர் சுருங்குங்கால் ஏரி அமைதியுறும். மரச்செறிவில் குயிலின் குரல் ஓங்கும். ஆடிக்குப் பின் தூக்கணாங்குருவி பனையோலையில் கூடு பின்னும். ஆண் குருவி பாதி நெய்த கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் ஏற்கும். தறி நெய்வோரும் துணியின் தரம் பார்ப்போரும் இதனைக் கண்டு புன்னகை கொள்வர்.

கிளியும் சில்லையும் கதிரைக் கொய்து நட்டம் விளைவிப்பது மெய்யே; அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் உழவின்பின் நடக்கும் கொக்கும் மைனாவும் புழு பூச்சிகளை உண்கின்றன. ஆந்தை எலியைப் பிடிக்கிறது. செலவை மட்டும் எழுதி வரவை விட்டுவிடுவது நல்ல கணக்காகாது.

இங்கே பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் 1980-களில் தமிழகத்து ஏரிகள் பலவற்றில் கருவேல மரங்கள் நடப்பட்டன. அவை முதிர்ந்தபின் ஏலத்தில் விற்கப்படுகின்றன. ஊராட்சிக்கும் வருவாய் உண்டு. அவ்வருவாயை நாம் குறை கூறவில்லை. ஆனால் அம்மரங்களிலேதான் நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. குஞ்சுகள் பறக்குமுன் கோடரி விழுமாயின், ஓராண்டுக் குடும்பமே அழியும். ‘கூடு இருந்தது’ என்று வாயாற் சொன்னால் யார் கேட்பார்? ‘இன்ன தேதியில், இன்ன மரத்தில், இத்தனை கூடு’ என்று எழுதிய ஏடு இருப்பின், வெட்டும் பணியைக் கோடைக்குத் தள்ளுமாறும், முதிய மரங்கள் சிலவற்றை விட்டுவைக்குமாறும் உரிமையுடன் கேட்கலாம்.

தோல் தொழில் மிகுந்த நம் பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். பாலாற்றுப் படுகையைத் தோல் பதனிடும் கழிவு கெடுத்தமை பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறி அதில் உறுதிப்பட்டது. பறவை ஏடு நீர்ப் பரிசோதனைக்கு மாற்றன்று. ஆயினும் ஆண்டுதோறும் வந்த பறவை வராமற்போயின், நீரைச் சோதிக்குமாறு கேட்பதற்கு அதுவே முதற் காரணமாகும்.

ஆகவே நாம் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு சங்கமும் ஏரிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். அங்கத்தினர் இருவர் மாதம் ஒரு நாள் காலையில் ஏரியை ஒருமுறை சுற்றி, நாள், நீர்மட்டம், நீரின் நிறம், கண்ட பறவைகள், அவற்றின் எண்ணிக்கை, கூடுகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடட்டும். பெயர் தெரியாத பறவைக்கு நிறமும் அளவும் எழுதினாற் போதும். ஊர்ப் பெரியவர் பெயர் சொல்வர். தமிழகத்தில் 2015 முதல் நடைபெற்று வரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நம் பள்ளிப் பிள்ளைகளும் பங்கு கொள்ளட்டும். ஆண்டிறுதியில் அவ்வேடு மகாசபையில் வாசிக்கப்படட்டும்.

பங்குத் தொகையைக் காப்பது போல் ஏரியையும் காப்பது நம் கடமை. எண்ணாத பொருள் எளிதில் களவு போகும். வரும் மகாசபையிலேயே இதற்கொரு தீர்மானம் நிறைவேறுமாக!