அழியாப் பேரேடும் மறைக்கச் சொன்ன மார்க்கமும்



நம் இளைஞர் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு குரல் ஓங்கி ஒலிக்கிறது. முகநூலும் இன்ஸ்டாகிராமும் நம் பதிவுகளை அழிக்கின்றன. ஆகவே எவராலும் அழிக்க இயலாத சமூக வலைத்தளம் ஒன்றைப் பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் நாமே கட்டுவோம், அதற்கு நிதி திரட்டுவோம் என்பதே அக்குரல். சொல்பவர்கள் படித்தவர்கள்; சமுதாயத்தின் மீது அக்கறை கொண்டவர்கள். அவர்கள் காட்டும் நோய் உண்மையானது. அவர்கள் நீட்டும் மருந்தைத்தான் மறுக்கிறேன்.

நோயை முதலில் ஒப்புக்கொள்வோம். 2021 மே மாதம் ஷேக் ஜர்ராஹ் மக்கள் வீடுகளை இழக்கும் நிலையில் நின்றபோது, அவர்களுக்காக எழுதப்பட்ட பதிவுகள் பல இன்ஸ்டாகிராமிலிருந்து மறைந்தன. மெட்டா நிறுவனமே பணித்து, பி.எஸ்.ஆர். அமைப்பு நடத்திய ஆய்வு 2022 செப்டம்பரில் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் நடவடிக்கைகள் பாலஸ்தீனர்களின் கருத்துரிமையைப் பாதித்தன என்றே அதுவும் கூறியது. எங்கோ அமர்ந்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கையில் நம் நாவை ஒப்படைத்துவிட்டு, நீதி கிடைக்கும் என்று காத்திருப்பது பேதைமைதான்.

ஆனால் 'அழிக்க முடியாமை' என்பதை ஒரு சிறப்பாக எடுத்துரைப்போர், அச்சொல்லின் பொருளைச் சற்று நின்று சிந்தித்தார்களா? பிளாக்செயின் என்பது ஒரு பேரேடு. ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு முந்தைய பக்கத்தின் முத்திரை பதிந்திருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் பின்வரும் முத்திரைகள் அனைத்தும் பொய்யாகிவிடும். அப்பேரேட்டின் படிகள் உலகெங்கும் எண்ணற்ற கணினிகளில் இருப்பதால், ஒருவர் மாற்றினாலும் மற்றவர்கள் ஏற்கமாட்டார்கள். பணக் கணக்கிற்கு இது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். மனிதர்களின் பேச்சிற்கு?

சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை நிறுத்தவும் கட்டளையிடுகிறது. எழுத்தின் அருமையை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே மார்க்கம் சகோதரனின் குறையை மறைக்கச் சொல்கிறது. புறம் பேசுவதை, இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிட்டு அருவருக்கச் செய்கிறது. மாஇஸ் (ரலி) அவர்கள் தம் பாவத்தைத் தாமே வந்து ஒப்புக்கொண்டபோது, நபி (ஸல்) அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மீண்டும் மீண்டும் வந்தபோதும் திருப்பிக்கொண்டார்கள். தவ்பா செய்து நல்லறம் புரிவோரின் தீமைகளை நன்மைகளாக மாற்றிவிடுவதாக அல்லாஹ் சூரத்துல் ஃபுர்கானில் வாக்களிக்கிறான். வானவர்கள் எழுதும் ஏட்டிலேயே அழித்தல் உண்டு. அடியார்கள் கட்டும் ஏட்டில் அது இருக்கக்கூடாது என்பது எந்த மார்க்கத்தின் துணிவு?

நம் பெண்களுக்கு நேர்ந்ததை நினைவுகூருங்கள். 2021 ஜூலையில் 'சுல்லி டீல்ஸ்' என்ற பெயரிலும், 2022 ஜனவரி முதல் நாளில் 'புல்லி பாய்' என்ற பெயரிலும், இந்நாட்டு முஸ்லிம் பெண்களின் படங்களைத் திருடி 'ஏலம்' விட்டனர் கயவர்கள். பத்திரிகையாளர்கள், மாணவிகள், சமூகப் பணியாளர்கள் என்று பலரும் அதற்கு இலக்காயினர். அவ்விரண்டு செயலிகளும் கிட்ஹப் தளத்தில் ஏற்றப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அத்தளம் அவற்றை நீக்கியது. கைதுகள் பின்னர் நடந்தன. ஆயினும் அப்பெண்களுக்கு முதலில் கிடைத்த சிறு ஆறுதல் அந்த நீக்கம்தான். அதே படங்கள் அழியாப் பேரேட்டில் ஏறியிருந்தால்? முறையிட நிறுவனம் இல்லை. நீதிமன்றம் ஆணையிட்டாலும் நிறைவேற்ற ஆள் இல்லை. நம் மீது அவதூறு எழுதுவோருக்கு நாமே கல்லும் உளியும் வாங்கிக் கொடுப்பதற்கா இந்த நிதி?

"அத்தகைய பதிவுகளைத் திரையில் காட்டாமல் மறைத்துவிடுவோம்" என்று மறுமொழி வருகிறது. திரையில் மறைந்தாலும் பேரேட்டில் இருக்கும். தேடத் தெரிந்தவன் எடுப்பான். "படங்களையும் எழுத்தையும் வேறிடத்தில் வைத்து, அடையாளத்தை மட்டும் சங்கிலியில் பதிவோம்" என்பது இன்னொரு மறுமொழி. இது நேர்மையான யோசனை. ஃபார்காஸ்டர் போன்ற சில வலைகள் இவ்வழியில்தான் செல்கின்றன. ஆனால் அப்போது பதிவுகள் அழிக்கத்தக்கவையாகிவிடுகின்றன. எதைச் சொல்லி நிதி கேட்டார்களோ அது கைவிடப்பட்டுவிடுகிறது.

மேலும், யார் கண்ணுக்கும் திறந்திருக்கும் அழியாப் பேரேடு காவல்துறையின் கண்ணுக்கும் திறந்தே இருக்கும். பத்தொன்பது வயதில் ஒரு பையன் கொதிப்பில் எழுதிய வரி, அவன் திருந்தி, மணமுடித்து, பிள்ளைகளுக்குத் தந்தையான பின்னும் தேதியோடு நிற்கும். இந்நாட்டில் அது யார் வீட்டுப் பையனுக்கு அதிக ஆபத்து என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இணையத்தையே துண்டித்தாலோ சங்கிலியும் பயன்படாது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் அதைக் கண்டோம். அங்கே 4ஜி சேவை திரும்பியது 2021 பிப்ரவரியில்தான்.

அடுத்தது, 'தலைவன் இல்லாத வலை' என்ற பெருமிதம். இத்துறையின் மூத்த முயற்சிகளுள் ஒன்றான ஸ்டீம் 2016இல் தொடங்கியது. எழுதுவோருக்கு நாணயம் கிடைக்கும்; நாணயம் மிகுதியாக வைத்திருப்பவரின் விருப்பக்குறிக்கு மதிப்பும் மிகுதி. வலையை இயக்கும் பொறுப்பாளர்களைத் தேர்வதும் நாணயக் கணக்குப்படியே. 2020 பிப்ரவரியில் ஜஸ்டின் சன் என்ற தொழிலதிபர், அவ்வலையின் பின்னிருந்த ஸ்டீமிட் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அந்நிறுவனத்தின் நாணயக் குவியலைக் கண்டு அஞ்சிய பயனர்கள் அதை முடக்கினர். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் ஆகிய சந்தைகளில் வாடிக்கையாளர்கள் வைத்திருந்த நாணயங்கள் அவருக்கு ஆதரவான வாக்குகளாக விழுந்தன. பழைய பொறுப்பாளர்கள் வீழ்த்தப்பட்டனர். பைனான்ஸ் பின்னர் தன் வாக்குகளைத் திரும்பப் பெற்றது. ஆனால் பயனர்களில் பெரும் பகுதியினர் மார்ச் 20 அன்று பிரிந்து, ஹைவ் என்ற தனி வலையை அமைத்துக்கொண்டனர். பிறர் வைத்த அமானிதத்தை எடுத்து வாக்களித்து ஓர் ஊரையே கைப்பற்றலாம் என்றால், அவ்வூருக்குத் தலைவன் இல்லை என்பது வெறும் பேச்சு.

தென்னேரியிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத உத்திரமேரூரின் கல்வெட்டை இவ்விளைஞர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு: "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரவலாக்கப்பட்ட ஆட்சி, அழியாத கல்லில் பதிவு. எங்கள் பிளாக்செயினும் அதுதான்." நன்று, அக்கல்வெட்டையே படிப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கால் வேலிக்கு மேல் நிலம் உடையவரும் மறை கற்றவருமே தகுதியுடையோர். எல்லோருக்கும் திறந்த சபை அன்று அது. ஆனால் கால் வேலியைத் தாண்டிய பின் எத்தனை வேலி வைத்திருந்தாலும் குடத்தில் விழுவது ஓர் ஓலையே. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் வர இயலாது. அவன் உறவினரும் வர இயலாது. இதை நாணய வாக்கோடு ஒப்பிடுவது, குடத்திற்கே இழுக்கு.

கல்லில் வெட்டியது எதை என்பதையும் கவனியுங்கள். விதிகளை வெட்டினர். எவன் எவளைப் பற்றி என்ன பேசினான் என்பதை எவரும் வெட்டவில்லை. ஏரி வாரியம் நடத்தியவர்களுக்குக் கலங்கலின் அவசியம் தெரியும். மிகை நீரை வெளியேற்ற வழியில்லாத ஏரி, வலிமையான ஏரி ஆகிவிடாது. முதல் பெருமழையில் கரை உடையும்.

இதைவிட இழிந்த ஒன்றும் நடந்தது. 2021இல் வந்த பிட்கிளவுட் என்ற பிளாக்செயின் வலை, புகழ்பெற்ற ஆயிரக்கணக்கானோரின் விவரங்களை ட்விட்டரிலிருந்து அவர்கள் அனுமதியின்றி எடுத்து, ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு நாணயம் உருவாக்கிச் சந்தையில் விட்டது. ஒருவர் பேசப்பட்டால் விலை ஏறும், இழிவுற்றால் இறங்கும், ஊகத்தில் வாங்கி விற்கலாம். கரரும் சூதும் கலந்த இவ்வணிகத்தைப் பற்றி ஆலிம்களிடம் தனி ஃபத்வா கேட்கக்கூடத் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு நல்ல வார்த்தை எழுதுபவனுக்கு உடனே நாணயம் விழுமென்றால், ரியாவுக்கு நாமே கூலி நிர்ணயிக்கிறோம்.

அப்படியானால் முகநூலிலேயே கிடப்பதா? இல்லை. 2019 இறுதியில் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, இந்தியர் பலர் மாஸ்டடானுக்குச் சென்றனர். 2016இல் ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ தொடங்கிய அம்மென்பொருள் இலவசம். அதில் சங்கிலியும் இல்லை, நாணயமும் இல்லை. ஒவ்வொரு குழுவும் தனக்கெனச் சர்வர் வைத்துக்கொள்ளலாம், பிற சர்வர்களோடு பேசலாம், கொடியவற்றைத் துண்டிக்கலாம். நிர்வாகி அநீதி இழைத்தால் பின்தொடர்வோரை அழைத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் பெயரலாம். பழைய பதிவுகள் உடன் வாரா, அது குறைதான். நிர்வாகியை அரசு மிரட்டலாம், அதுவும் உண்மை. எனினும், பொறுப்பேற்க அங்கே பெயருள்ள ஒரு மனிதர் இருக்கிறார்.

வட்டார ஜமாஅத்துகள் சில சேர்ந்தால் அத்தகைய சர்வர் ஒன்றின் மாத வாடகையைத் தாங்கலாம். கடினமானது மட்டுறுத்தல்: முறையீடு வந்த இரவே விழித்திருந்து பார்த்து நீக்க, அல்லாஹ்வை அஞ்சும் நான்கைந்து பேர் வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும். தன் படம் திருடப்பட்ட சகோதரி முதலில் ஒரு பெண்ணிடமே பேச விரும்புவாள். நாணயம் வெளியிட நிதி திரட்டுவோர் இந்த நான்கைந்து பேரைத் தேடித் தரட்டும். நிதியைப் பிறகு பேசலாம்.