எந்தக் காலேஜில் வரலாறு?

ப்ளஸ் டூ முடிச்ச சேரிப் பிள்ளைகளுக்குப் பி.ஏ. வரலாறு மிச்ச மீதியாகத்தான் வந்து சேர்கிறது. காமர்ஸ் கிடைக்கல, கம்ப்யூட்டர் கிடைக்கல, சரி, இதையாவது படி. எனக்கு இதில் சம்மதமில்லை. வரலாற்றிலிருந்து துரத்தப்பட்டவன்தான் அதை முதலில் கேட்டு வாங்கவேண்டும்.

கட்டடத்தைப் பார்க்காதீங்க, பாடத்திட்டத்தைக் கேளுங்க. 1893இல் 'பறையன்' பத்திரிகை தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசர் அதில் இருக்கிறார்களா? 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி ஒரு பாடமா, ஒரு வரியா, அதுவும் இல்லையா? சோழர் பெருமை இருக்கட்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று வருகிறதே, அதை வகுப்பில் வாசிப்பாங்களா?

சென்னை அரசுக் கல்லூரி என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகமும் தரமணி ரோஜா முத்தையா நூலகமும் பஸ் தூரம். வேறெந்த ஊருக்கும் இந்த வசதி லேசில் வராது. ஆனா ஹாஸ்டல் இடம் உறுதியாகாமல் பெட்டியைத் தூக்காதீங்க. முதல் மாச மெஸ் பில்லிலேயே ஊர் திரும்பிய பிள்ளைகள் உண்டு.

இன்னொன்று ப்ராஸ்பெக்டஸில் இருக்காது. அந்தத் துறையில் படிக்கிற நம்ம பிள்ளை ஒருத்தரைக் கேன்டீன் வாசலில் பிடிச்சுக் கேளுங்க: "முதல் நாள் வாத்தியார் உன் பேரைக் கேட்டாரா, ஊரில் எந்தத் தெருன்னு கேட்டாரா?"