குயிக் ரிலீஸ் வீண் செலவா?

“கேமராவை ட்ரைபாடில் நேரடியாகத் திருகினாலே போதும், குயிக் ரிலீஸ் எல்லாம் கடைக்காரர் நம் தலையில் கட்டும் வீண் செலவு.” புதிதாக ட்ரைபாட் வாங்கப் போகிறவர்களிடம் அனுபவசாலிகள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் இது தவறான ஆலோசனை. குயிக் ரிலீஸில் இரண்டு பாகங்கள்: கேமராவின் அடியில் திருகியே வைத்திருக்கும் பிளேட், அந்தப் பிளேட்டைக் கவ்வும் ட்ரைபாடின் கிளாம்ப். அவர்கள் அடுக்கும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“நான்கு சுற்றுதானே, அதற்கு எவ்வளவு நேரமாகும்?”

கணக்கு சரிதான். கேமராவின் அடியில் இருக்கும் கால் அங்குலத் துளையில் அங்குலத்துக்கு 20 மரை. ஒரு சுற்றுக்கு 1.27 மில்லிமீட்டர் ஏறும். நாலைந்து சுற்றில் திருகு இறுகிவிடும். ஆனால் நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய வேலை. கனமான லென்ஸோடு கேமராவை ஒரு கையில் தாங்கியபடி, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் துளையையும் திருகையும் நேராகப் பொருத்த வேண்டும். அவசரத்தில் கோணலாக ஏறினால் மரை கெடும். கழற்றும்போதும் இதே பாடுதான்.

கல்யாண மண்டபத்தில் இந்தத் தாமதத்தின் விலை தெரியும். கெட்டிமேளம் கொட்டியதும் உறவினர்கள் அட்சதையோடு எழுந்து மேடையைச் சூழ்ந்துகொள்வார்கள். ட்ரைபாடில் நிற்கும் கேமராவுக்கு முதுகுகள்தான் தெரியும். அதை அந்தக் கணமே கையில் எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் ஓட வேண்டும். தாலி கட்டுவதை இன்னொரு முறை எடுக்க முடியாது.

“நேரடியாகத் திருகுவதுதான் உறுதி.”

கேமராவைக் கிடைமட்டமாக வைக்கும்வரை இது பொருந்தும். செங்குத்துப் படத்துக்காக ட்ரைபாடின் தலையான பால் ஹெட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால், கேமராவின் எடை அந்த ஒற்றைத் திருகைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். லென்ஸ் மெல்லக் கீழே இறங்கும்; ஃபிரேம் கலையும்.

நல்ல பிளேட்டை ஆலன் கீ கொண்டு இறுக்குகிறோம். விரலால் அந்த இறுக்கம் வராது. குறிப்பிட்ட கேமராவுக்கென்றே செய்த பிளேட்டில் சிறு விளிம்பு ஒன்று கேமராவின் ஓரத்தை அணைத்து நின்று, திரும்பவிடாமல் தடுக்கும். கேமராவின் அடியையும் பக்கத்தையும் அணைக்கும் எல் வடிவப் பிளேட்டான எல் பிராக்கெட் இருந்தால் பால் ஹெட்டைச் சாய்க்கவே வேண்டாம். கேமராவைக் கழற்றி, செங்குத்தாகத் திருப்பி, அதே கிளாம்ப்பில் மாட்டலாம். எடை மூன்று கால்களுக்கும் நடுவிலேயே நிற்கும்.

“கிளாம்ப் கழன்று கேமரா விழுந்துவிடும்.”

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சரியாகப் பூட்டாத கிளாம்ப்பிலிருந்து கேமரா விழத்தான் செய்யும். பாதி மட்டுமே ஏறிய திருகிலிருந்தும் விழும். இரண்டிலும் காரணம் அரைகுறையாகப் பூட்டியதுதான். பூட்டியதும் கேமராவை ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் வேண்டும். பல பிளேட்டுகளின் இரு முனைகளிலும் சிறு தடுப்புத் திருகுகள் உண்டு. கிளாம்ப் கொஞ்சம் தளர்ந்தால்கூட பிளேட் வழுக்கி வெளியேற அவை விடாது.

“ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பிளேட், ஒன்றில் மாட்டிக்கொண்டால் மாற முடியாது.”

ஒரு காலத்தில் இது பெரிய தொல்லை. மேன்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 பிளேட் வேறு வகை கிளாம்ப்பில் உட்காராது. இன்று ஆர்க்கா-ஸ்விஸ் வகை பெரும்பாலான இடங்களில் பொது வழக்காகிவிட்டது. சுமார் 38 மில்லிமீட்டர் அகலம், இருபுறமும் சரிந்த விளிம்பு. அந்தச் சரிவைக் கிளாம்ப்பின் தாடைகள் கவ்விக்கொள்ளும். சில டெலிஃபோட்டோ லென்ஸ்களை ட்ரைபாடில் மாட்டும் காலரிலேயே இந்த வடிவத்தை வெட்டித் தருகிறார்கள். அகலம் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறுவது உண்மை. அதனால் லீவர் கிளாம்ப் சில பிளேட்டுகளைச் சரியாகப் பிடிக்காது. பல கம்பெனிப் பிளேட்டுகளைக் கலந்து வைத்திருப்பவர்கள் குமிழ் திருகி இறுக்கும் கிளாம்ப்பை வாங்கினால் இந்தச் சிக்கல் தீரும்.

ஸ்டுடியோவில் பொருள்களைப் படமெடுக்க, நாள் முழுக்க அசையாமல் நிற்கும் கேமராவுக்கு இது தேவையில்லை, திருகே போதும். ஆனால் பெரும்பாலோர் அப்படி வேலை செய்வதில்லை. கையிலும் ட்ரைபாடிலுமாகக் கேமரா மாறிக்கொண்டே இருக்கிறது. மாட்டுவது சிரமமானால், மங்கிய வெளிச்சத்தில்கூட “கையிலேயே எடுத்துவிடலாம்” என்று தோன்றும், படம் அசைந்துபோகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ட்ரைபாட் கார் டிக்கியிலேயே கிடக்கும். ட்ரைபாட் வாங்கும்போதே ஆர்க்கா வகைக் கிளாம்ப்புக்கும், கேமராவுக்கு ஒன்று வீதம் பிளேட்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். ட்ரைபாடுக்குக் கொடுத்த பணத்துக்குப் பயன் கிடைக்க அதுவே வழி.